ஒரு குளம், ஆறு வாய்

ஒரு குளத்தில் ஓராண்டில் விளையும் இரைக்கு ஓர் எல்லை உண்டு. மேலே விழும் வெயிலும், அடியில் கிடக்கும் சேறும், கரை மரங்களிலிருந்து உதிரும் சருகும், குளத்துக்கு உரியவர் கொட்டும் சாணமும் சேர்ந்து எவ்வளவு பாசியையும் புழுவையும் சிற்றுயிர்களையும் உண்டாக்குகின்றனவோ, அந்த அளவுக்குத்தான் அங்கே மீன் கொழுக்கும். ஒரே இனத்து மீன்களை அங்கே அளவுக்கு மீறி விட்டால், ஒன்று தேடும் இரையையே, அதே ஆழத்தில், அதே வேளையில் மற்றதும் தேடுவதால், எண்ணிக்கை கூடக் கூட ஒவ்வொரு மீனும் இளைத்துப்போகிறது. உயிரியலாளர் இதை உள்ளினப் போட்டி என்கின்றனர். வேறு வேறு இனங்கள் ஒரே இரைக்காக மோதிக்கொள்வது இனங்களுக்கு இடையிலான போட்டி. இவ்விரண்டில் எது கடுமையானது, எந்த நிலையில் ஒன்று தணிந்து பல இனங்கள் ஓரிடத்தில் தங்க முடிகிறது என்ற கேள்வி 20ஆம் நூற்றாண்டில் சூழலியலின் அடிப்படைக் கேள்விகளுள் ஒன்றாக எழுந்தது. அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தென்சீனத்துக் குளத்துக்காரர்கள் தம் தொழிலின் வழியாக அதற்கு ஒரு விடையைக் கண்டு, அதை நம்பிப் பிழைத்தும் வந்தார்கள். கூட்டு மீன் வளர்ப்பு என்று இன்று தமிழில் வழங்கும் அந்தத் தொழில் எப்படி உருவானது, எதனால் நிலைத்தது, இப்போது எதை இழந்துகொண்டிருக்கிறது என்பவை மீனை உண்பவர் மட்டுமன்றி உயிர்களின் கூட்டு வாழ்வைப் பற்றிச் சிந்திப்பவர் எவரும் அறிந்திருக்க வேண்டியவை.

சீனத்தின் மீன் வளர்ப்பு ஒற்றை மீனில் தொடங்கியது. யூவே நாட்டு அமைச்சராக இருந்து, பின்னர் வணிகத்தில் இறங்கிப் பெருஞ்செல்வம் ஈட்டியவராகச் சொல்லப்படும் ஃபான் லீயின் பெயரில், கி.மு. 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஒரு மீன் வளர்ப்பு நூல் வழங்கிவருகிறது. சில நூறு எழுத்துகளே கொண்ட அச்சிறு நூல் சாதாக் கெண்டை ஒன்றைப் பற்றி மட்டுமே பேசுகிறது. அந்த மீன் தன் இனத்தையே தின்னாது என்பதை அதன் சிறப்பாக எடுத்துச் சொல்கிறது. சாதாக் கெண்டைக்கு இன்னொரு வசதியும் உண்டு. ஆற்று வெள்ளத்துக்குக் காத்திராமல் தேங்கிய நீரிலேயே அது முட்டையிடும். ஆகவே ஒரு குளமும் சில தாய் மீன்களும் இருந்தால் போதும், விதைக்காக எங்கும் அலைய வேண்டியதில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மீன் வளர்ப்பு என்றால் இந்த ஒரு மீனை வளர்ப்பதுதான் என்ற நிலை நீடித்ததில் வியப்பில்லை.

இது மாறியதற்கு மீன் வளர்ப்பு வரலாறுகள் வழக்கமாகச் சொல்லும் காரணம் அரண்மனையைச் சார்ந்தது. 618 முதல் 907 வரை ஆண்ட டாங் அரச மரபின் குடும்பப் பெயர் லீ. சாதாக் கெண்டையின் சீனப் பெயரும் அதே ஒலியுடையது. அரசர் பெயரைக் கொண்ட மீனைப் பிடிப்பதும் விற்பதும் தடை செய்யப்படவே, குளத்துக்காரர்கள் ஆற்றில் கிடைத்த வேறு கெண்டைகளை நாடினார்கள் என்பது அந்த விளக்கம். தடை இருந்தது உண்மை. ஆனால் இவ்வளவு பெரிய மாற்றத்துக்கு ஓர் அரசாணையை மட்டும் காரணமாக்குவது போதாது. தொழிலின் உள்ளேயே அதைவிட வலுவான ஒரு காரணம் இருந்தது. புல் கெண்டை, வெள்ளிக் கெண்டை, பெருந்தலைக் கெண்டை ஆகியவை குளத்தில் முட்டையிடுவதில்லை. யாங்சி, முத்தாறு போன்ற பேராறுகளில், கோடைக்கால வெள்ளம் பெருகும்போது மட்டுமே அவை இனம் பெருக்குகின்றன. முட்டைகள் நீரோட்டத்தில் மிதந்தபடியே பொரிக்கின்றன. அந்தக் குஞ்சுகளைப் பிடிக்க ஓட்டத்துக்கு எதிராகப் பொடிக்கண் வலையைக் கட்டி வைப்பவர் எவரும் ஓர் இனத்தை மட்டும் தேர்ந்து பிடிக்க முடியாது. ஊசி முனை போன்ற, ஏறத்தாழக் கண்ணாடி போல ஊடுருவித் தெரியும் அந்தக் குஞ்சுகளுள் எது எந்த மீன் என்பது வளர்ந்த பிறகே கண்ணுக்குத் தெரியும். ஆற்று விதையை நம்பியவுடன் குளம் தானாகவே கலப்புக் குளமாகிவிட்டது. அரசாணை அந்தக் கதவைத் திறந்திருக்கலாம். உள்ளே வந்தது ஆறு.

டாங் காலத்தின் இறுதியில், 9ஆம் நூற்றாண்டின் கடைசியில், லியூ சுன் என்பவர் தென்சீனத்தைப் பற்றி எழுதிய லிங்பியாவ் லூயி என்ற நூலில், இந்த மீன்களின் வாய்களை மக்கள் எவ்வளவு கூர்ந்து கவனித்திருந்தார்கள் என்பதற்கு ஒரு சான்று இருக்கிறது. மலைச்சரிவில் புதிதாகத் திருத்திய நிலத்தில் மழைநீரைத் தேக்கி, அதில் புல் கெண்டைக் குஞ்சுகளை வாங்கி விடுவார்கள். ஓரிரு ஆண்டுகளில் மீன் பெரிதாகி, புல்லை வேரோடு தின்றுவிடும். மீனும் கைக்கு வரும், நிலமும் களையற்ற நெல்வயலாகும் என்று அந்நூல் விவரிக்கிறது. மீனை உணவாக மட்டும் பார்க்காமல், அது எதைத் தின்னும், எதைத் தின்னாது என்பதையே ஒரு கருவியாகப் பயன்படுத்திய அறிவு இது. கூட்டு வளர்ப்பு முழுவதும் இந்த அறிவின் மேல்தான் எழுந்தது.

13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சோவ் மீ என்ற எழுத்தாளர், யாங்சிக் கரையிலுள்ள ஜியூஜியாங் பகுதியின் குஞ்சு வணிகர்களைப் பற்றி ஒரு குறிப்பை விட்டுச்சென்றிருக்கிறார். மூங்கிலால் வாளி போல முடைந்து, உள்ளே நீர் கசியாதபடி மெழுகிய தாளை ஒட்டிய கூடைகளில், எண்ணற்ற குஞ்சுகளை நிரப்பி, தோளில் சுமந்து மலைகளைக் கடந்து ஃபூஜியன் வரை கொண்டுபோனார்கள். வழியில் நல்ல நீர் கண்ட இடத்தில் எல்லாம் பழைய நீரை மாற்ற வேண்டும். இளைப்பாற இறக்கி வைத்தாலும் கூடையை விடாமல் அசைத்துக்கொண்டிருக்க வேண்டும், ஏனெனில் நீர் அசையாமல் நின்றால் குஞ்சுகள் மூச்சுத் திணறிச் செத்துவிடும். வங்கத்தில் 20ஆம் நூற்றாண்டிலும் கங்கைக் குஞ்சுகளை மண் பானைகளில் ஊற்றி, தொடர்வண்டியில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கை ஓயாமல் பானையை ஆட்டியபடி பயணம் செய்த வணிகர்கள் இருந்தார்கள். ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு நாட்டுத் தொழிலாளர்கள் ஒரே கையசைவைக் கண்டுபிடித்திருந்ததை இத்தொழிலின் வரலாற்றில் மறக்கக் கூடாத செய்தியாகக் கொள்ள வேண்டும். மூச்சு முட்டுவதிலும் இனத்துக்கு இனம் வேறுபாடு உண்டு என்பதைச் சீன வணிகர்கள் அறிந்திருந்தார்கள். குஞ்சுகளை நெருக்கி வைத்தால் சில இனங்கள் முதலில் நீர்மட்டத்துக்கு ஏறித் தவிக்கும், சில பிறகு ஏறும். அந்த வரிசையைப் பயன்படுத்தியே கலந்த குஞ்சுகளை இனவாரியாகப் பிரித்தார்கள்.

கலப்புக் குளம் வெற்றி பெற்றதன் காரணத்தை அறிய, மீன்களின் வாயை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். வெள்ளிக் கெண்டையின் கண் முகத்தின் பாதிக்கும் கீழே தாழ்ந்திருக்கிறது. அதன் செவுளின் உட்புறத்தில் உள்ள முட்கள் ஒன்றோடொன்று பிணைந்து, கடற்பஞ்சு போன்ற ஒரு வடிகட்டியாகிவிட்டன. பச்சை நிற நீரை வாயில் வாங்கிச் செவுள் வழியே விடும்போது, நீரில் மிதக்கும் நுண்பாசி அதில் தங்கிவிடுகிறது. நீரோட்டத்தின் போக்கில் மிதந்து வாழும் இத்தகைய சிற்றுயிர்களை மிதவை உயிரிகள் என்பர். அவற்றுள் பாசி வகையைச் சேர்ந்தவை தாவர மிதவைகள், அவற்றைத் தின்று வாழும் நுண்ணிய இறால் போன்றவை விலங்கு மிதவைகள். பெருந்தலைக் கெண்டையின் செவுள் முட்கள் பிணையாமல் தனித்தனியாக நிற்பதால், கண்ணி பெரிதான வலையைப் போல, விலங்கு மிதவைகளையே அது அதிகம் பிடிக்கிறது. புல் கெண்டையின் தொண்டையில் அரம் போன்ற பற்கள் இருக்கின்றன; தின்ற புல்லில் ஏறத்தாழப் பாதியே அதற்குச் செரிக்கிறது, மீதி அரைபட்ட தழையாகவே நீரில் விழுகிறது. கருங்கெண்டையின் தொண்டைப் பற்கள் உரல் போலத் தட்டையானவை, நத்தை ஓட்டை உடைப்பதற்கென்றே அமைந்தவை. சேற்றுக் கெண்டை அடியில் படியும் அழுகலை மேய்கிறது. நீர் ஒன்று, குளம் ஒன்று. ஆனால் ஒவ்வொரு வாய்க்கும் அது வேறொரு வயல்.

இந்தப் பிரிவினைக்கு அப்பால் ஒன்று நிகழ்வதைத்தான் சீனர்கள் மிக நுட்பமாகக் கண்டார்கள். புல் கெண்டை பாதி செரித்துக் கழித்த தழை குளத்துக்கு எருவாகி நுண்பாசியை வளர்க்கிறது. அந்தப் பாசியை வெள்ளிக் கெண்டை வடிகட்டி உண்பதால் நீர் தெளிகிறது. தெளிந்த நீரில்தான் புல் கெண்டை நலமாக இருக்கும். சூ குவாங்சி என்ற அறிஞர் தொகுத்து, அவர் மறைவுக்குப் பின் 1639இல் வெளியான வேளாண் பெருநூல், இவ்விரு மீன்களையும் ஒரு குளத்தில் சேர்த்து வளர்க்கும் முறையை விளக்குகிறது. ஒரு புல் கெண்டை மூன்று வெள்ளிக் கெண்டைகளுக்குச் சோறு போடும் என்ற பொருளில் ஒரு வழக்கும் குளத்துக்காரர்களிடையே உண்டு. முத்தாற்றுக் கழிமுகத்தில் இந்த வட்டம் கரைக்கும் ஏறியது. குளம் தோண்டிய மண்ணால் கரை உயர்த்தி அதில் முசுக்கட்டைச் செடி வளர்த்து, இலையைப் பட்டுப்புழுவுக்கும், புழுவின் எச்சத்தையும் கூட்டுப்புழுவையும் மீனுக்கும், குளத்தின் அடிச்சேற்றை மீண்டும் செடிக்கும் இட்டார்கள். மிங், சிங் அரச மரபுகளின் காலத்தில் ஷுண்டே, நன்ஹாய் ஆகிய வட்டாரங்கள் இந்த முறையால் செழித்தன. யாங்சிக் கழிமுகத்தின் ஹூசோவ் பகுதியில் எஞ்சியிருக்கும் இத்தகைய குளங்களை ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2017இல் உலக வேளாண் மரபுகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

இந்தியாவின் பெருங்கெண்டைகளான கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவையும் இதே போன்ற ஆற்று மீன்கள். கங்கை, பிரம்மபுத்திரா போன்ற ஆறுகளின் பருவமழை வெள்ளத்தில் மட்டுமே அவை இயல்பாக முட்டையிடுகின்றன. அதனால் வங்கம், பீகார், ஒடிசா ஆகிய பகுதிகளின் குளங்களும் ஆற்றில் வடித்த கலப்பு விதையால் நிரம்பிக் கலப்புக் குளங்களாயின. கட்லாவின் வாய் மேல்நோக்கித் திறப்பதால் அது நீரின் மேல்தட்டில் விலங்கு மிதவைகளை உண்கிறது. ரோகுவின் தடித்த உதட்டு விளிம்பு குஞ்சம் கட்டியது போல இருக்கும். நீரின் நடுப்பகுதியில், தண்டிலும் கல்லிலும் படிந்த பாசியையும் நைந்த இலையையும் அது சுரண்டித் தின்கிறது. மிர்காலின் வாய் கீழ்நோக்கியது, அடிச்சேற்றின் மட்குக்கு உரியது. ஆனால் இந்த வேறுபாடு பிறவியிலேயே முழுமையாக அமைந்துவிடுவதில்லை. பொரித்த முதல் சில வாரங்களில் மூன்று இனத்துக் குஞ்சுகளும் ஒரே விலங்கு மிதவையைத்தான் உண்கின்றன. அப்போது அவற்றிடையே போட்டி மிகக் கடுமையாக இருக்கும். அதனால்தான் நாற்றங்கால் குளங்களில் குஞ்சுகளை இனவாரியாகத் தனித்தனியே வளர்த்து, வாய் தன் உருவை அடைந்த பிறகே, விரலளவு ஆனதும் ஒரே குளத்தில் கலக்க வேண்டும் என்று மீன்துறைகள் அறிவுறுத்துகின்றன.

தமிழகத்தின் ஏரிகளுக்கு இந்த மூன்று கெண்டைகளும் வெளியிலிருந்து வந்தவை. இங்கே ஏரி மீன் என்றால் கெண்டை, கெளுத்தி, விரால், அயிரை, உழுவை, வாளை. அதைப் பிடிக்கும் உரிமையை ஏலம் விடுவது நெடுநாள் வழக்கம். கல்வெட்டுகளில் வரும் பாசிப்பாட்டம் என்ற வரியும், இன்றும் ஊர்களில் வழங்கும் மீன்பாசிக் குத்தகை என்ற சொல்லும் ஒரே வழியில் வந்தவை. அந்த வருவாயை ஏரியைத் தூர்வாரவும் கரையைப் பலப்படுத்தவும் செலவிட்ட ஊர்கள் பல. சென்னை மாகாண அரசு, ஃபிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியின் முயற்சியால் உருவான மீன்துறையின் கீழ், 1911இல் கர்நூல் அருகே சுங்கேசுலாவில் ஒரு மீன் பண்ணையை அமைத்தது. கண்ணாடிக் கெண்டை என்ற சாதாக் கெண்டை வகை 1939இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டது. கட்லா தெற்கே பரவிய பிறகு மேட்டூர் நீர்த்தேக்கத்தில் நிலைத்து, காவிரிப் படுகையில் பழக்கமான மீனாயிற்று.

குளத்துக்காரர்கள் கையால் செய்துவந்ததை ஏட்டில் எழுத முற்பட்டவர்களும் மீனிலிருந்தே தொடங்கினார்கள் என்பது பொருத்தமான செய்தி. முதல் உலகப்போரின்போது ஏட்ரியாட்டிக் கடலில் மீன்பிடிப்பு குறைந்திருந்த ஆண்டுகளில், சந்தைக்கு வந்த மீனில் சுறா முதலிய கொன்றுண்ணிகளின் பங்கு கூடியிருந்ததை உம்பெர்ட்டோ டான்கோனா என்ற கடலியலாளர் ட்ரியெஸ்தே, வெனிஸ், ஃபியூமே ஆகிய துறைமுகங்களின் கணக்கில் கண்டார். அதன் காரணத்தைக் கேட்டு அவர் கணிதவியலாளர் வீட்டோ வோல்ட்டெராவை அணுக, வோல்ட்டெரா 1926இல் வெளியிட்ட சமன்பாடுகள் இனங்களுக்கு இடையிலான உறவுகளைக் கணிதமாக்கின. ஒரே உணவை நம்பும் இரண்டு இனங்களுள் ஒன்று இறுதியில் மறையும் என்பது அவற்றின் முடிவுகளுள் ஒன்று. அமெரிக்காவில் ஆல்ஃப்ரெட் லோட்கா 1925லேயே இதனை ஒத்த சமன்பாடுகளை எழுதியிருந்தார். மாஸ்கோவில் கியார்கி காஸ் என்ற இளம் உயிரியலாளர் இதைக் கண்ணாடிக் குழாய்களில் சோதித்து, 1934இல், தமக்கு 24 வயது நிறைவதற்குள், நூலாக வெளியிட்டார். பாரமீசியம் என்ற ஒற்றைச் செல் உயிரியின் இரண்டு இனங்களான அவுரேலியாவையும் காடேட்டத்தையும் ஒரே பாக்டீரிய உணவில் சேர்த்து வளர்த்தபோது, தனித்தனியாக நன்றாகப் பெருகிய இரண்டில், அவுரேலியா மட்டுமே எஞ்சியது.

காஸின் பெயரைச் சொல்லும்போது இந்தச் சோதனையைத்தான் பலரும் நினைவுகூர்கின்றனர். 1960இல் காரெட் ஹார்டின் என்ற சூழலியலாளர் இது காட்டிய விதியைப் போட்டி விலக்கல் என்ற பெயரில் பரப்பினார். காஸ் அடுத்துச் செய்த இன்னொரு சோதனை அதே அளவுக்குப் போற்றத்தக்கது. பர்சாரியா என்ற மூன்றாவது இனத்தை அவர் காடேட்டத்துடன் வளர்த்தார். இப்போது உணவில் ஒரு பகுதி மிதந்தது, ஒரு பகுதி அடியில் படிந்தது. தன் உடலுக்குள் பச்சைப்பாசியைக் குடிவைத்திருப்பதால் காற்றுக் குறைந்த அடிப்பகுதியிலும் வாழ வல்ல பர்சாரியா கீழே மேய, காடேட்டம் மேலே உண்டது. தனியாக வாழ்ந்தபோது எட்டிய எண்ணிக்கையை இரண்டுமே எட்டவில்லை. ஆனாலும் இரண்டும் நிலைத்தன. விரல் பருமனுள்ள அந்தக் குழாயில் நடந்தது வங்கத்துக் குளத்தில் கட்லாவும் மிர்காலும் செய்துவந்ததன் சிற்றுருவம். ஓர் இனம் எங்கே, எப்போது, எதைத் தின்று, எதைத் தாங்கி வாழ்கிறது என்பவற்றின் தொகுப்பை வாழ்விடப்பங்கு என்ற கருத்தாகச் சூழலியல் வளர்த்தெடுத்தது. பங்கு வேறானால் வாழ்வு சேரும் என்பது காஸின் இரண்டாம் சோதனை தந்த பாடம். ஆயினும் கேள்வி அதோடு தீரவில்லை. வெள்ளிக் கெண்டை வடிகட்டும் அந்தப் பச்சை நீரிலேயே, ஒரே வெளிச்சத்தையும் சில உப்புகளையும் மட்டுமே நம்பிப் பல பத்து இனப் பாசிகள் எப்படிச் சேர்ந்து வாழ்கின்றன என்று 1961இல் ஈவ்லின் ஹச்சின்சன் என்ற சூழலியலாளர் கேட்டார். நீரின் நிலை மாறிக்கொண்டே இருப்பதால் எந்த இனமும் முழு வெற்றி பெறுவதற்குள் ஆட்டத்தின் விதி மாறிவிடுகிறது என்பது அவர் முன்வைத்த விளக்கத்தின் சாரம்.

இந்தியக் குளங்களை மாற்றிய நாள் 10-7-1957. ஒடிசாவின் அங்குலில் மீன் ஆய்வாளர்களான ஹீராலால் சவுத்ரியும் கே.எச். அலிக்குஞ்ஞியும், மீனின் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி என்ற சிறு சுரப்பியின் சாற்றைத் தாய் மீனுக்குச் செலுத்தி, பெருங்கெண்டைகளைத் தேங்கிய நீரிலேயே முட்டையிட வைத்தார்கள். ஆற்று வெள்ளம் உடலில் எழுப்பும் தூண்டுதலை ஊசி எழுப்பியது. அந்த நாள் இன்று தேசிய மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. 1959இல் ஜப்பானிலிருந்து வெள்ளிக் கெண்டையும், ஹாங்காங்கிலிருந்து புல் கெண்டையும் கொண்டுவரப்பட்டன. பாங்காக்கிலிருந்து சாதாக் கெண்டை 1957இலேயே வந்திருந்தது. மூன்று இந்திய வாய்களும் மூன்று அயல் வாய்களும் சேர்ந்த ஆறினக் குளத்தை 1971இல் தொடங்கிய அகில இந்திய ஒருங்கிணைந்த ஆய்வுத் திட்டம் நாட்டின் பல பகுதிகளில் சோதித்தது. ஹெக்டேருக்குச் சில நூறு கிலோ தந்துவந்த குளங்களில் 3 டன்னுக்கும் மேல் மீன் எடுக்க முடிந்தது. இஸ்ரேலின் டோர் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த யாஷூவ், சாதாக் கெண்டையையும் வெள்ளிக் கெண்டையையும் சேர்த்து வளர்த்தால் இரண்டும் தனித்து வளர்வதைவிட நன்றாக வளர்கின்றன என்று அதே 1971இல் வெளியிட்டார்: ஒன்று சேற்றைக் கிளறி மேலே அனுப்பும் சத்தில் மற்றதன் பாசி வளர்கிறது, அதன் எச்சம் முதலாவதற்கு இரையாகிறது.

இந்த இணக்கம் தானாக அமைவதில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனெனில் கூட்டு வளர்ப்பைப் பற்றி எழுதுவோர் பலர் அதை இயற்கையின் அமைதிக்கு உவமையாக்கிவிடுகின்றனர். குஞ்சு விடும் முன் குளத்தில் ஹெக்டேருக்கு 2,000 முதல் 2,500 கிலோ இலுப்பைப் பிண்ணாக்கு இடுவார்கள். அதிலுள்ள சாபோனின் என்ற நஞ்சு விரால், வாளை, கெளுத்தி உள்ளிட்ட எல்லா மீன்களையும் கொன்று, பிறகு நீரில் கரைந்து எருவாகிறது. கூட்டுக் குளத்தின் முதல் நாள் ஒரு பேரழிவின் மறுநாள். அதன் பின் ஹெக்டேருக்கு 5,000 முதல் 10,000 வரை விரலளவுக் குஞ்சுகளைக் கணக்கிட்டு விட வேண்டும். மூன்றினக் குளத்தில் கட்லா, ரோகு, மிர்கால் 4:3:3 என்ற விகிதம் பரவலாகப் பரிந்துரைக்கப்படுகிறது. ஆறினக் குளத்தில் வெள்ளிக் கெண்டை சேரும்போது கட்லாவின் பங்கு குறைக்கப்படுகிறது, ஏனெனில் இரண்டும் மேல்தட்டில் மேய்பவை; பாசியை வடிக்கும் வெள்ளிக் கெண்டை கட்லாவின் விலங்கு மிதவையையும் விட்டுவைப்பதில்லை, அந்த விலங்கு மிதவைகளுக்கான பாசியையும் முன்னதாகவே தின்றுவிடுகிறது. குளத்தில் இந்தப் பகையை விகிதம் அடக்குகிறது. ஓராண்டு முடிவில் வலை வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போவதால், ஓர் இனம் மற்றொன்றை முழுமையாக வெல்லும் அளவுக்குக் காலமும் கிடைப்பதில்லை.

கை விலகினால் என்ன ஆகும் என்பதை இமாச்சலப் பிரதேசத்தின் கோவிந்த்சாகர் காட்டியது. சட்லெஜ் ஆற்றின் குறுக்கே எழுந்த பக்ரா அணையின் பின்னால் தேங்கிய அந்தப் பெரிய நீர்ப்பரப்பில் 1971இல், தேவ்லி மீன் பண்ணையில் புகுந்த வெள்ளத்தோடு வெள்ளிக் கெண்டைகள் தற்செயலாகப் போய்ச் சேர்ந்தன. அவை அங்கேயே இனம் பெருக்கின. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் பிடிபடும் மீனில் பெரும்பங்கு அவையே ஆயின, கட்லா அருகியது. குளிர்ந்த நீர் வெள்ளிக் கெண்டைக்கு ஏற்றதாக இருந்ததும் இதற்குத் துணைசெய்தது. மொத்த விளைச்சல் கூடியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எடைக் கணக்கில் அது வெற்றிதான். 1970களில் அமெரிக்கக் குளங்களைச் சுத்தமாக்கவென்று கொண்டுவரப்பட்ட இதே வெள்ளிக் கெண்டையும் பெருந்தலைக் கெண்டையும் தப்பி மிசிசிப்பி ஆற்றுத் தொகுதியில் பெருகியபோது, அங்கே மிதவைகளை நம்பி வாழ்ந்த உள்நாட்டு மீன்களின் உடல் மெலிந்தது. யாங்சியில் இவற்றோடு சேர்ந்தே உருவான மற்ற இனங்கள் நீண்ட காலத்தில் தமக்கென வேறு பங்குகளைத் தேடிக்கொண்டிருந்தன. மிசிசிப்பியின் மீன்களுக்கு அந்த அவகாசம் இல்லை.

ஆந்திரத்தின் கொல்லேறு வட்டாரத்தில் 1980களில் பெருகிய பண்ணைகள் ஆறினத்தில் தொடங்காமலேயோ, தொடங்கி விரைவில் கைவிட்டோ, ரோகுவைப் பெரும்பங்காகவும் கட்லாவைச் சிறுபங்காகவும் கொண்ட ஈரினக் குளங்களாக மாறின. வெள்ளிக் கெண்டைக்குச் சந்தையில் விலை இல்லை; மிர்கால் சேற்றோடு ஒட்டிக்கிடப்பதால் வலைக்குச் சிக்குவது கடினம், விலையும் குறைவு; கொல்கத்தா கேட்டது ரோகுவையே. நீரின் விளைச்சலை நம்பாமல், துளையிட்ட பைகளில் தவிடும் கடலைப் பிண்ணாக்கும் நிரப்பிக் கம்புகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். மீன்கள் வந்து பையை முட்டித் தின்றன. மேல்தட்டு, நடுநீர், அடி என்ற பங்கீடு அந்தப் பையைச் சுற்றிக் கலைந்துபோகிறது, எல்லா வாயும் ஒரே துளைக்கு வருகின்றன. விலை கொடுத்து வாங்கிய தீவனம் இருக்கும் வரை அந்தப் போட்டி கடுமையாவதில்லை. ஆனால் குளம் தன் சொந்த உணவால் மீனை வளர்த்த பழைய ஏற்பாடு அங்கே பெரும்பாலும் முடிந்துவிட்டது.

இவற்றையெல்லாம்விடக் கவலைக்குரிய மாற்றம் குஞ்சுப் பொரிப்பகங்களில் நிகழ்கிறது. கெண்டைகளின் முட்டையும் விந்தும் நீரிலேயே சேர்கின்றன. சீன முறையில் அமைந்த வட்டத் தொட்டிகளில், இடமும் நேரமும் மிச்சப்படும் என்று கட்லா, ரோகு, மிர்கால் தாய் மீன்களை ஒன்றாகவே விட்டு ஊசி போடும் வழக்கம் இந்தியாவிலும் வங்கதேசத்திலும் பரவியதால், ஓர் இனத்தின் முட்டை இன்னோர் இனத்தின் விந்தால் கருவுற்றுக் கலப்பினக் குஞ்சுகள் பிறக்கின்றன. அவற்றுள் பல மலடல்ல. மறுபடியும் தாய் மீனாகத் தொட்டிக்கே திரும்பிவந்து கலப்பை மேலும் பரப்புகின்றன. கட்லாவும் ரோகுவும் கலந்த மீனுக்குத் தலை சிறுத்து, வாய் மேலும் திறவாமல் கீழும் திறவாமல் நேராக நிற்கிறது. சதைப்பற்று மிகுதி என்று அதைச் சிலர் விரும்பி வாங்குவதும் உண்டு. வெள்ளிக் கெண்டையும் பெருந்தலைக் கெண்டையும் கலந்ததன் செவுள் முட்கள் பஞ்சாகப் பிணையாமலும் தனித்து நிற்காமலும் முறுக்கிக் கிடக்கின்றன. ஆற்றில் பருவமும் ஓட்டமும் இடமும் பிரித்து வைத்திருந்த இனங்களைத் தொட்டி சேர்த்துவிட்டது. ஒரே குளத்தில் ஆறு வாய்களைச் சேர்த்து வைக்க எந்த வேறுபாடு இத்தனை நூற்றாண்டுகள் உதவியதோ, அதுவே அந்தக் குஞ்சுகளில் கரைகிறது. இதைத் தடுக்கும் வழி பொரிப்பகக்காரர்களுக்குத் தெரியாததல்ல: இனத்துக்கு ஒரு தொட்டி, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆற்றிலிருந்து பிடித்த தூய தாய் மீன்கள். இரண்டாவது வழி ஆற்றில் மீன் இருப்பதைப் பொறுத்தது. யாங்சியின் மீன்வளம் குன்றியதால் சீன அரசு 1-1-2021 முதல் அதன் முதன்மை ஆற்றிலும் பெரிய கிளைகளிலும் 10 ஆண்டுகளுக்கு மீன்பிடித்தலைத் தடை செய்திருக்கிறது. கங்கைக் கரையில் குஞ்சு வடிக்கும் பொடிக்கண் வலைகளுக்கும் முன்போல விதை கிடைப்பதில்லை.